1,014 கி.மீ. கடலோர நடைபாதை... மொத்தமா வேண்டாம், தவணையில் நடக்கலாம்! எப்படி? எங்கே உஷார் தேவை?

வலது கைப் பக்கம் கடல். இடது கைப் பக்கம் வயல், பாறை, மீனவ கிராமம். இதை மட்டும் மறக்காமல் இருந்தால் பெரிசா வழி தவறாது என்று சொல்லப்படும் நடைபாதை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத், அதாவது தென்மேற்குக் கடலோரப் பாதை. நீளம் 630 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 1,014.

இதை ஒரே மூச்சில் நடந்து முடிக்க 7 முதல் 8 வாரம் ஆகும். அவ்வளவு லீவு யார் கொடுப்பார்கள்? அதனால்தான் இந்தப் பாதையை முடித்தவர்களில் ஏராளமானவர்கள் 'தவணை முறையில்' முடித்தவர்கள். இந்த வருஷம் ஒரு வாரம், அடுத்த வருஷம் இன்னொரு வாரம். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கி, பத்து வருஷம் கழித்துக் கடைசிப் பலகையைத் தொட்டவர்களும் உண்டு.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணையில் நடப்பவர்களுக்கு மட்டுமே வரும் சில சிக்கல்கள் இருக்கின்றன. சில இடங்களில் அவை உயிருக்கே ஆபத்தாகவும் மாறலாம். முழு விவரம் இதோ.

எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

சோமர்செட் மாவட்டத்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் தொடங்குகிறது. இரண்டு கைகள் ஒரு வரைபடத்தை விரித்துப் பிடித்திருப்பது போன்ற பெரிய உலோகச் சிற்பம்தான் அடையாளம். அங்கிருந்து மேற்கே டெவனின் வடக்குக் கரை, பிறகு கார்ன்வால் முழுவதையும் சுற்றி, லேண்ட்ஸ் எண்ட் முனையில் திரும்பி, பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடியான லிஸார்ட் முனையைத் தொட்டு, டெவனின் தெற்குக் கரை வழியாக டோர்செட் மாவட்டத்தின் பூல் துறைமுக வாயிலில் உள்ள சவுத் ஹேவன் பாயின்டில் முடிகிறது.

நான்கு மாவட்டங்கள், இரண்டு உலகப் பாரம்பரியத் தலங்கள். ஒன்று, 2006-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பு. செம்பும் தகரமும் தோண்டிய காலத்தின் இயந்திரக் கூடங்கள் கடலுக்கு மேலே புகைபோக்கியோடு இடிந்து நிற்கும். இன்னொன்று, 2001-ல் அங்கீகாரம் பெற்ற ஜுராசிக் கடற்கரை. 95 மைல் நீளத்துக்கு 18.5 கோடி ஆண்டு பூமியின் வரலாறு பாறை அடுக்குகளாகத் தெரியும் இடம் அது.

கடலோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று நினைத்தால் அது பெரிய தப்புக் கணக்கு. முழுப் பாதையில் ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு! மலை எதுவும் பெரிசில்லை. மிக உயரமான இடமான கிரேட் ஹேங்மேன் குன்றே 318 மீட்டர்தான். ஆனால் சின்னச் சின்ன ஓடைகள் கடலில் கலக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பள்ளத்தாக்கு. இறங்கணும், உடனே ஏறணும். இப்படி நூற்றுக்கணக்கான தடவை.

யார் போட்ட பாதை இது?

நடைப் பயணிகளுக்காகப் போட்டதே இல்லை. கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்க கடலோரக் காவல்படையினர் நடந்து நடந்து உண்டான பாதை.

பிரெஞ்சு பிராந்தி, தேயிலை, புகையிலை என வரி கட்டாமல் இறக்கப்படும் சரக்குகளுக்கு இந்தக் கரையின் குடைவான சிறு விரிகுடாக்கள் வசதியாக இருந்தன. 1822-ல் பிரிட்டன் தன் கடலோரக் காவல் அமைப்பை ஒன்றாகத் திரட்டியது. காவலர்கள் ஒவ்வொரு குடைவுக்குள்ளும் எட்டிப் பார்த்தாக வேண்டும். குறுக்கு வழியில் போனால் கடத்தல் படகு கண்ணில் படாது. அதனால்தான் இன்றைக்கும் இந்தப் பாதை நேராகப் போக வேண்டிய இடத்தில்கூட விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. கால் வலிக்கும்போது யாரைத் திட்டுவது என்று தெரியாதவர்கள் அந்தக் கடத்தல்காரர்களைத் திட்டிக்கொள்ளலாம்!

1949-ல் வந்த தேசியப் பூங்காச் சட்டம் இத்தகைய நெடுந்தூரப் பாதைகளுக்கு வழி திறந்தது. கார்ன்வால் பகுதி 1973-லும், தெற்கு டெவன், டோர்செட் பகுதிகள் 1974-லும், சோமர்செட், வடக்கு டெவன் பகுதி 1978-லும் முறையாகத் திறக்கப்பட்டன. ஆக, பாதையே தவணையில்தான் திறந்தது. பாதையில் எங்கே பார்த்தாலும் ஓக் மரத்தின் கொட்டை போன்ற சின்னம் பொறித்த மரத்தூண்கள் இருக்கும். தேசிய நடைபாதைகளின் அடையாளம் அதுதான்.

நடக்கக் கட்டணம் கிடையாது. அனுமதிச் சீட்டும் தேவையில்லை. பாதைக்காக 1973-லிருந்து செயல்படும் தொண்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. முழுவதும் நடந்தவர்களுக்கு அது சான்றிதழ் தருகிறது. ஒரே தடவையில் முடித்திருக்கணும் என்ற நிபந்தனை இல்லை.

தவணைக் கணக்கு எப்படிப் போடுவது?

ஒரு நாளைக்குச் சராசரியாக 20 கி.மீ. என்று வைத்தால் மொத்தம் 51 நாள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் நடப்பவருக்கு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வருஷத்துக்கு ஒரு வாரம், அதில் ஆறு நாள் நடை என்று போனால் எட்டு ஒன்பது வருஷம்.

ஆனால் கிலோமீட்டரை மட்டும் வைத்துத் திட்டம் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. இங்கே 20 கி.மீ. என்பது ஒரே தூரம் கிடையாது. பார்ன்ஸ்டபிள் பக்கம் டாவ் நதியை ஒட்டிய பகுதி, பழைய ரயில் தடத்தின் மேல் போடப்பட்ட சமதளப் பாதை. நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே டெவனில் ஹார்ட்லண்ட் கீயிலிருந்து கார்ன்வாலின் பியூட் வரை சுமார் 25 கி.மீ. தூரம் நாள் முழுவதையும் தின்றுவிடும்.

இந்த ஹார்ட்லண்ட் - பியூட் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். முழுப் பாதையிலேயே ரொம்பக் கஷ்டமான ஒரு நாள் இதுதான் என்று பலரும் சொல்வார்கள். பத்துப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றிலும் படிக்கட்டு போன்ற செங்குத்தான இறக்கம், கீழே ஒரு மரப்பாலம், உடனே அதே அளவு ஏற்றம். நடுவில் கடை இல்லை. பஸ் பிடிக்கிற மாதிரி ரோடும் பாதைக்குப் பக்கத்தில் இல்லை. டெவன் முடிந்து கார்ன்வால் தொடங்கும் எல்லை ஒரு சின்ன ஓடைதான். ஒரு பலகை மட்டும் சொல்லும்.

பாதி வழிக்கு மேல் மார்வென்ஸ்டோ கிராமத்தின் பாறை விளிம்பில் ஒரு சின்னக் குடில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பாதிரியாராக இருந்த ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், உடைந்த கப்பல்களிலிருந்து கரை ஒதுங்கிய மரத்தை வைத்துக் கட்டியது. உட்கார்ந்து கவிதை எழுத! கரை ஒதுங்கும் மாலுமிகளின் உடல்களை எடுத்து முறைப்படி அடக்கம் செய்ததற்காகவும் அவர் பேசப்படுகிறார். இன்று நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் மிகச் சிறிய சொத்து இந்தக் குடில். மழை பிடித்துக்கொண்டால் அதற்குள் ஒதுங்குபவர்கள் ஹாக்கருக்கு நன்றி சொல்லாமல் போவதில்லை.

தவணையில் நடப்பவர்கள் இந்தப் பகுதியைப் பயணத்தின் முதல் நாளில் வைக்காமல் இருப்பது நல்லது. ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நேராக வந்த கால்களுக்கு இது தாங்காது. தொடர்ந்து நடப்பவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் உடம்பு பழகிவிடும். தவணைக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் முதல் நாள்தான். அதே கொப்புளம், அதே முழங்கால் வலி.

காரா, ரயிலா, பஸ்ஸா?

இங்கதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வட்டமாகச் சுற்றி வரும் பாதை இல்லை என்பதால், காலையில் கார் நின்ற இடத்துக்கும் மாலையில் நடை முடியும் இடத்துக்கும் நடுவில் 20 கி.மீ. இருக்கும்.

அனுபவசாலிகளின் வழி எளிமையானது. காரை முடிவிடத்தில் நிறுத்துவார்கள். காலையிலேயே பஸ் ஏறித் தொடக்க இடத்துக்குப் போவார்கள். பிறகு காரை நோக்கி நடப்பார்கள். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் கவலையில்லை. இதையே தலைகீழாகச் செய்தால், மாலை 5 மணிக்கு வரும் கடைசி பஸ்ஸுக்காகப் பாறை விளிம்பில் ஓட வேண்டி வரும். கிராமத்துப் பஸ்கள் கோடையில் ஒரு அட்டவணை, குளிர்காலத்தில் வேறு அட்டவணை என்று ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பல தடங்களில் பஸ்ஸே இருக்காது.

ரயிலில் வருபவர்கள் நிலையம் இருக்கும் ஊர்களைத் தவணையின் எல்லையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பார்ன்ஸ்டபிள், நியூகீ, செயின்ட் ஐவ்ஸ், பென்சான்ஸ், ஃபால்மவுத், பிளிமவுத், எக்ஸ்மவுத், வேமவுத் எல்லாம் பாதையிலேயே அல்லது பக்கத்திலேயே உள்ள நிலையங்கள். தொடக்க ஊரான மைன்ஹெட்டில் பாரம்பரிய நீராவி ரயில்தான் இருக்கிறது. வழக்கமான ரயிலுக்கு டான்டன் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்கணும்.

தங்குவதற்குக் காலை உணவோடு அறை தரும் வீடுகள், இளைஞர் விடுதிகள், கூடார முகாம்கள் இருக்கின்றன. மூட்டையை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டு சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு. பாதையோரம் நினைத்த இடத்தில் கூடாரம் போடலாமா என்று கேட்டால், சட்டப்படி கூடாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

ஒரே நாளில் மூன்று நதிகள்!

இந்தப் பாதையில் பாலம் இல்லாத நதி முகத்துவாரங்கள் பல. பாட்ஸ்டோவில் படகு, ஹெல்ஃபர்டில் படகு, ஃபோவேயில் படகு, கார்ன்வாலிலிருந்து பிளிமவுத் போக க்ரெமில் படகு, சால்கோமில், டார்ட்மவுத்தில் என்று வரிசையாகப் படகுப் பயணம் வரும். பெரும்பாலும் சில நிமிஷப் பயணம்தான். ஆனால் சின்னப் படகுகள் பல ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரையில்தான் ஓடுகின்றன. குளிர்காலத்தில் தவணை போட்டவர்கள் நதியின் இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையை ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதுதான்.

உண்மையான புதிர் தெற்கு டெவனில் இருக்கிறது. பிளிமவுத் தாண்டி வெம்பரியிலிருந்து கிழக்கே போனால் யெல்ம், எர்ம், ஏவன் என்று மூன்று நதிகள் அடுத்தடுத்து வரும்.

யெல்ம் நதிக்குப் படகு உண்டு. ஆனால் பருவத்தில் மட்டும், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். ஏவன் நதிக்கும் அப்படித்தான். நடுவில் உள்ள எர்ம் நதிக்குப் படகே கிடையாது. மதர்கம் என்ற இடத்தில் இறங்கி நடந்து கடக்கணும். அதுவும் கடல் முழுவதும் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை. அந்த இரண்டு மணி நேர இடைவெளியைத் தவறவிட்டால், உள்நாட்டுப் பாலம் வரை பல கிலோமீட்டர் சுற்றணும். அல்லது டாக்ஸி.

அதாவது காலைப் படகு, நடுவில் வற்றுநேரம், மாலைப் படகு என மூன்றும் ஒத்து வர வேண்டும். எல்லா நாளும் ஒத்து வராது. கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். இந்த வாரம் மதியம் 12 மணிக்கு வற்றும் கடல், அடுத்த வாரம் அதே நேரத்தில் பொங்கி நிற்கும். தொடர்ந்து நடப்பவர் எந்தத் தேதியில் அங்கே போய்ச் சேருவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தவணைக்காரரால் முடியும்! வற்றுநேர அட்டவணையை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற வார இறுதியைத் தேர்வு செய்யலாம். தவணை முறை கைகொடுக்கும் இடம் இதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில வற்றுநேர அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகியிருக்கும். கோடையில் பிரிட்டன் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்க்க மறந்து நதிக்குள் இறங்குவது விளையாட்டில்லை. எர்ம் நதியை மட்டும்தான் இப்படி நடந்து கடக்கிறார்கள். ஏவன் நதி குறுகலாகத் தெரிந்தாலும் அதில் இறங்கக் கூடாது என்று பாதைக்கான தொண்டு அமைப்பே எச்சரிக்கிறது. பெரிய மழை பெய்த மறுநாள் எர்ம் நதியிலும் இறங்காமல் இருப்பதே நல்லது.

ராணுவம் சுட்டால் பாதை மூடப்படும்

டோர்செட்டில் லல்வொர்த் விரிகுடாவிலிருந்து கிம்மரிட்ஜ் வரை உள்ள பகுதி ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் களம். சுடும் நாட்களில் பாதைக்குக் கதவு போட்டுவிடுவார்கள். சிவப்புக் கொடி பறக்கும். பெரும்பாலான வார இறுதிகள், பொது விடுமுறைகள், ஆகஸ்ட் மாதம் ஆகிய நேரங்களில் திறந்திருக்கும். ஆனாலும் தேதியைச் சரிபார்க்காமல் போனால் பல கிலோமீட்டர் ரோட்டோரமாகச் சுற்ற வேண்டி வரும். திறந்திருக்கும்போதும் மஞ்சள் குறிகளுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கலாம்.

இந்தக் களத்துக்குள்தான் டைன்ஹம் என்ற கிராமம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1943 டிசம்பரில், பயிற்சிக்கு நிலம் வேண்டும் என்று ஊர் மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்றுதான் நம்பிப் போனார்கள். யாரும் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. கூரையில்லாத வீடுகளும், கல் தேவாலயமும், பள்ளிக்கூடமும் அப்படியே நிற்கின்றன. பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்க்கணும். நேரம் ஒதுக்கி இறங்குவதற்குத் தகுதியான ஊர்.

பாதையே கடலுக்குள் போனால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அடிக்கடி நடக்கிறது. மென்மையான களிமண்ணும் மணற்பாறையும் கலந்த டோர்செட், கிழக்கு டெவன் கரைகளில் கடல் அடியை அரிக்கும், மழைநீர் மேலே ஊறும். ஒரு நாள் மொத்தமாகச் சரிந்துவிடும்.

2021 ஏப்ரலில் சீடவுன் அருகே சுமார் 4,000 டன் பாறை ஒரேயடியாகக் கடற்கரையில் விழுந்தது. 60 ஆண்டுகளில் அந்தப் பகுதி காணாத சரிவு என்றார்கள். அதிர்ஷ்டவசமாக அப்போது கீழே யாரும் சிக்கவில்லை. ஆனால் 2012 ஜூலையில், அதே கரையில் பர்டன் பிராட்ஸ்டாக் கடற்கரையில் நடந்து கொண்டிருந்த 22 வயது இளம்பெண் ஒருவர் பாறைச் சரிவில் சிக்கி உயிரிழந்தார்.

அதனால்தான் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பாறைச் சுவருக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. மேலே நடக்கும்போது விளிம்புக்குப் போகக் கூடாது. செல்ஃபிக்காக நிற்கும் அந்தப் புல்தரைக்கு அடியில் மண்ணே இல்லாமல் வெறும் காற்று இருக்கலாம். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. மழை விட்ட பிறகும் பல நாட்கள் ஆபத்து தொடரும்.

பாதை இடிந்தால் என்ன செய்வார்கள்? முன்பெல்லாம் சில மீட்டர் உள்ளே தள்ளிப் போடக்கூட நில உரிமையாளரிடம் பேசி, ஒப்புதல் வாங்கி, சட்ட நடைமுறைகளை முடிக்க வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை நடப்பவர்கள் கார்கள் பறக்கும் ரோட்டில்தான் போகணும். 2009-ல் வந்த கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டம் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது. இங்கிலாந்தின் முழுக் கடற்கரையையும் சுற்றி வரும் பாதை ஒன்றை உருவாக்கச் சொன்ன சட்டம் அது. மூன்றாம் சார்லஸ் மன்னரின் பெயரைத் தாங்கியுள்ள, சுமார் 2,700 மைல் திட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் ஒப்புதல் பெற்ற பகுதிகளில், கரை அரிக்கப்பட்டால் பாதையும் பின்வாங்கலாம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடலாம். கடல் ஒரு அடி முன்னே வந்தால் பாதை ஒரு அடி பின்னே போகும்.

கடலோடு சண்டை போடுவதை விட்டுவிட்ட இடமும் உண்டு. தொடக்கத்தில், மைன்ஹெட்டை அடுத்துள்ள போர்லாக் விரிகுடாவில், 1996-ல் புயல் வந்து கூழாங்கல் கரையை உடைத்தது. உடைந்ததை அடைக்காமல் விட்டார்கள். பின்னால் இருந்த வயல்கள் உப்புச் சதுப்பு நிலமாக மாறின. செத்த மரங்கள் வெள்ளை எலும்பு போல நிற்கும். பாதை இப்போது அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது.

தவணையில் நடப்பவர்களுக்கு இதில் வேடிக்கையான சங்கடம் ஒன்று உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்பு நடந்த இடம் இப்போது அங்கே இருக்காது. போன தடவை வாங்கிய வரைபடம் இந்தத் தடவை பொய் சொல்லும். கிளம்பும் முன் பாதை அமைப்பின் தளத்தில் மாற்றுப்பாதை அறிவிப்புகளைப் பார்ப்பது கட்டாயம்.

மாடும் ஆபத்தா?

நம்ம ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பாதை பல இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்குள் போகிறது. கன்றோடு இருக்கும் பசுக்கள் நடப்பவர்களைத் தாக்கி உயிர் போன சம்பவங்கள் பிரிட்டனில் உண்டு. குறிப்பாக நாயோடு போகும்போது. மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்படும் அறிவுரை. நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

புதர்களில் உண்ணிகள் இருக்கும். கடித்தால் லைம் நோய் வரும் வாய்ப்பு உண்டு என்பதால் ராத்திரி காலைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அவசரம் என்றால் 999 எண்ணை அழைத்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேட்கணும். பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. அதனால் எந்தப் பகுதியை, எத்தனை மணிக்குள் முடிப்போம் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது. குழுவாக வருபவர்களைவிட தனியாக நடப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எந்தத் தவணையை முதலில் எடுப்பது?

வரிசையாகத்தான் போகணும் என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் பலர் மைன்ஹெட்டிலிருந்தே தொடங்க ஆசைப்படுகிறார்கள். அங்கிருந்து போர்லாக் வேயர் வரை சுமார் 15 கி.மீ., அடுத்த நாள் லின்மவுத் வரை சுமார் 20 கி.மீ. ஒரு வார இறுதிக்குப் பொருத்தம். முடிவில் 1890-லிருந்து ஓடும் தண்ணீர் எடையால் இயங்கும் மலை ரயில் காத்திருக்கும். மேல் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கீழே இறங்கும், கீழ்ப் பெட்டி மேலே வரும். மோட்டாரே இல்லை.

வரலாறு பிடித்தவர்களுக்குக் கார்ன்வாலின் மேற்கு முனை. செயின்ட் ஐவ்ஸில் ரயிலை விட்டிறங்கி, லேண்ட்ஸ் எண்ட் சுற்றி, பென்சான்ஸில் மறுபடி ரயில் ஏறலாம். வழியில் போர்த்கர்னோ என்ற சின்னக் கடற்கரை. 1870-ல் பிரிட்டனையும் பம்பாயையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறிய இடம். லண்டனுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் ஓடிய செய்திகள் இந்த மணலுக்கு அடியில் போயின. இப்போது அங்கே தந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. இதையும் தாண்டி அடுத்த தவணையில் லிஸார்ட் பக்கம் போனால் போல்டு. 1901 டிசம்பரில் மார்கோனியின் குழு அட்லாண்டிக்கைக் கடந்து கம்பியில்லாத் தந்திச் சமிக்ஞை அனுப்பிய பாறைமுனை. ஆனால் செயின்ட் ஐவ்ஸிலிருந்து கிளம்பும் முதல் நாள் கரடுமுரடான பாறை வழி. நிதானம் தேவை.

சினிமா பார்த்துவிட்டு இந்தப் பாதையைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். ரேனார் வின் எழுதி 2018-ல் வெளியான 'தி சால்ட் பாத்' புத்தகம், வீடிழந்த ஒரு தம்பதி இந்தப் பாதையில் நடந்த கதையாக விற்பனையில் சாதித்தது. ஜில்லியன் ஆண்டர்சன், ஜேசன் ஐசக்ஸ் நடித்த படம் 2025-ல் பிரிட்டன் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், புத்தகத்தில் சொல்லப்பட்ட சில விவரங்கள் உண்மைதானா என்று பிரிட்டன் வார இதழ் ஒன்று கேள்வி எழுப்பியது. எழுத்தாளர் அதை மறுத்தார். சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். புத்தகத்தின்படி அந்தத் தம்பதியும் பாதையை ஒரே மூச்சில் நடக்கவில்லை, நடுவில் குளிர்காலத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் மிச்சத்தை முடித்தார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை மே, ஜூன், செப்டம்பர் நல்லது. மே மாதத்தில் பாறை முழுக்க இளஞ்சிவப்புக் கடற்பூக்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டத்தால் ஒரே ஒரு இரவுக்கு அறை கிடைப்பது கஷ்டம். பல விடுதிகள் குறைந்தது இரண்டு இரவு தங்கச் சொல்வார்கள். அப்படியானால் ஒரே ஊரில் தங்கி, இரண்டு பக்கமும் பஸ்ஸில் போய் நடந்து வரலாம். தவணைக்காரர்கள் நிறைய பேர் செய்வது அதுதான்.

கடைசி நாள் எப்படி இருக்கும்?

ஸ்வானேஜிலிருந்து சவுத் ஹேவன் பாயின்ட் வரை சுமார் 12 கி.மீ. தான். ஓல்டு ஹாரி என்ற வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள் வரை ஒரு ஏற்றம். அதற்குப் பிறகு ஸ்டட்லண்ட் விரிகுடாவின் மணல். அங்கே ஒரு பகுதி ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்காக ஒதுக்கப்பட்டது, முன்னாலேயே பலகை வைத்திருப்பார்கள். பாதை அதன் வழியாகத்தான் போகிறது. வேண்டாம் என்பவர்களுக்கு மணற்குன்றுகளுக்குப் பின்னால் மாற்று வழி உண்டு.

மணல் முடியும் இடத்தில் முடிவைச் சொல்லும் தூண். பக்கத்திலேயே சங்கிலியில் இழுபட்டு ஓடும் படகு. கார், பஸ் எல்லாம் அதில் ஏறி சாண்ட்பேங்க்ஸ் கரைக்குப் போகும். காரை ஸ்வானேஜில் விட்டு வந்தவர்கள், அதே பஸ் எதிர்த்திசையில் வரும் வரை தூணுக்குப் பக்கத்தில் காத்திருக்கணும்.